ஆள் இருக்க நிப்பாட்டாதவர்

பெற்றோல் செட்டுக்குள் காரைத் திருப்பியதும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "எல்லாரும் இறங்குங்கோ" என்பதுதான். இறங்கிப்போய்ச் சில்லுக்குக் காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பட்டுச்சேலை கட்டிக் கோயிலுக்குப் புறப்பட்ட அன்ரிமாருக்கும் அதே சட்டம், முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து மூன்று கிழமையான அங்கிளுக்கும் அதே சட்டம். கடைசி ஆளும் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவார். பெற்றோல் அடித்து முடிந்ததும் தான் மட்டும் ஏறி ஸ்டார்ட் பண்ணி, அது சீராக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பிறகு கையைக் காட்டுவார். ஏறலாம்.

டூங்கபி என்கிற எங்கள் புறநகரில் அவரை அறிந்த சனம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன், மறைப்பானேன். காருக்குள் ஓர் உயிர் இருந்தால் எஞ்சின் ஓட வேண்டும். கடை வாசலில், கோயில் வாசலில், செத்தவீட்டு வாசலில், எங்கேயும் அப்படித்தான். பொருட்கிடங்கு ஒன்றில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனுசன், பெற்றோலை இப்படிப் புகையாக விடுகிறாரே என்று கேட்டால், "ஓடட்டும், ஓடட்டும்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

பதினொரு வருடம் நான் அவருக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு தகர வேலி. அவரை அண்ணை என்றும் அவருடைய மனைவியை அக்கா என்றும்தான் கூப்பிடுவேன். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பென்டில் ஹில் சாமான்கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர், அவரின் ஊர், ஒழுங்கை, சொந்தபந்தம் எல்லாவற்றையும் எடுத்து விரித்துவிடுவார். அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள். அண்ணையும் அக்காவும் அதை விற்றுவிட்டு மெல்பேர்ன் பக்கம் போய்விட்டார்கள். ஃபோன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நான் எடுப்பதில்லை. ஏன் என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

அண்ணை வாங்கிய ஒரு பழைய கார் வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை காலை. நான் நேர்ஸ். கிழமை முழுக்க விடியற்காலை வேலை. சனிக்கிழமை ஒன்றுதான் ஒன்பது மணி வரைக்கும் படுக்கக் கிடைக்கும். எட்டரைக்கே ஒரு லொறி வந்து பின்பக்கமாக எடுக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால், துருப்பிடித்த ஒரு கோது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, அங்கங்கே செம்மஞ்சள் பூச்சு மிச்சம். எழுபதுகளில் இந்த நாட்டிலேயே செய்த, எட்டு சிலிண்டர் எஞ்சின் போட்ட ஓட்டக்கார். மஸில் கார் என்று இங்கே சொல்வார்கள். எங்கேயோ உள்நாட்டுப் பண்ணை ஒன்றில் கோழி அடைந்துகிடந்ததாம். இவருக்கு எதற்கு இந்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். படுத்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு ஆறு வருடம் சனிக்கிழமை நித்திரை எனக்கு இல்லை.

எதிர்வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், முந்தி லொறி ஓட்டியவர். நெஞ்சு வரைக்கும் தாடி. காரைக் கண்ட அன்றே கராஜுக்குள் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். இளந்தாரியாக இருந்த காலத்தில் இப்படி ஒன்றை வாங்க ஆசைப்பட்டு முடியாமற்போனதாம். பிறகு சனி ஞாயிறில் ஆளை அங்கேதான் காணலாம். இவர் நட்டைக் கழற்ற, அவர் வெளிச்சம் பிடிப்பார். இருவருக்கும் பொதுவாக இருந்த இங்கிலிஷ் கொஞ்சம்தான். அது அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

மற்ற ஆட்கள் இப்படிக் காரை எடுத்தால் இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாக ஓட மாற்றுவார்கள். அண்ணை செய்தது தலைகீழ். ஒரு பற்றரிக்கு இரண்டு பற்றரி. எரிபொருள் இறைக்கிற பம்ப் இரண்டு. எஞ்சினின் அமுக்கத்தைக் குறைப்பதற்காக, தலையில் பள்ளம் விழுந்த பிஸ்டன்களைத் தேடி எடுத்துப் போட்டார். அதாவது காரின் பலத்தில் பாதி போய்விட்டது. ஆனால் எந்தக் குளிரிலும், எந்தக் கழிவு எண்ணெயிலும் அது இழுத்துப் பிடித்து ஸ்டார்ட் ஆகும். முன்பக்கத்தில் ஓட்டை போட்டுக் கையால் சுழற்றுகிற கம்பியையும் பூட்டினார். எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கையால் சுழற்றினால் தோள்மூட்டு கழன்றுவிடும் என்று கிழவர் கத்தினார். மூன்றாம் சுற்றில் அது பிடித்துக்கொண்டது. கிழவர் அன்றைக்குக் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு சிங்கத்தைப் பிடித்துவைத்துப் பல்லைக் கழற்றுகிறான் இந்த மனிதன் என்று என்னிடம் வேலிக்கு மேலால் முறைப்பாடு வேறு.

பொனற்றுக்குள் இன்னொன்றும் இருந்தது. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், அதிலிருந்து சேலைன் குழாய் ஒன்று காபரேற்றருக்கு. பின்னால் தனியாக ஒரு மண்ணெண்ணெய்த் தாங்கி. போர் நடுவில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு விளங்கும். பெற்றோல் கிடையாது. நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடும். நிறுத்திவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ண மறுபடியும் பெற்றோல் வேண்டும். அதனால் நிறுத்த மாட்டார்கள். இந்த மனுசன் டூங்கபியில் இருந்துகொண்டு அந்தக் காலத்துக்கு ஒரு கார் செய்துகொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் அண்ணைக்கும் அக்காவுக்கும் ஒரு மகள் இருந்தது. நாலு வயது. மூன்று நாள் காய்ச்சல், பிறகு வலிப்பு. ஒரு பழைய காரைக் கேட்டு வாங்கி, அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருக்க, பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். அரைவழியில் மேலே ஆமி ஹெலியின் சத்தம். மண்ணெண்ணெய்ப் புகை மேலேயிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். காரை ஒரு புளியமரத்துக்குக் கீழே விட்டு எஞ்சினை நிறுத்தினார். ஹெலி போய்விட்டது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. போத்தலில் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. தள்ளினார், சுழற்றினார், றோட்டில் போன சைக்கிளை மறித்தார். கடைசியில் ஒரு உழவுமெசின் வந்து ஏற்றிக்கொண்டு போனபோது பிள்ளை இல்லை. பிறகு அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

இதை அண்ணை எனக்குச் சொன்ன விதத்தையும் சொல்ல வேண்டும். அது என்னுடைய மடைத்தனத்தால் வந்தது. ஒரு மழை நாளில், அவர் அன்றாடம் ஓட்டுகிற மற்றக் காரில், ஒரு வெள்ளைக் காரில், பென்டில் ஹில்லுக்குச் சாமான் வாங்கப் போனோம். என்னை இருக்கவிட்டு அவர் கறிவேப்பிலையும் மீனும் வாங்க இறங்கினார். மழைக்குக் கண்ணாடி எல்லாம் பூட்டு. எஞ்சின் ஓட ஓட எனக்குத் தலையிடி பிடித்தது. கையை நீட்டித் திறப்பைத் திருப்பி நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான். திரும்பி வந்தவர் கதவைத் திறந்ததும் அந்த அமைதியைக் கேட்டார். மீன் பை கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியவில்லை. என்னுடைய பக்கம் ஓடிவந்து, கையைப் பிடித்து வெளியே இழுத்தார். வயது வந்த பொம்பிளையை நடுமழையில் இழுத்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவர் உள்ளே போய்த் திறப்பைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. வீடு வரும் வரையில் பிள்ளையின் கதையைச் சொன்னார். சொல்லி முடித்து, "ஆள் இருக்க நிப்பாட்டப்படாது, தங்கச்சி" என்றார். அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை.

அக்கா அவருடைய கார் எதிலும் ஏற மாட்டா. பென்டில் ஹில் ஒரேயொரு ஸ்டேசன் தள்ளி. அதற்கும் ரயில்தான். கோயிலுக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்துக்குப் புறப்படுவார்கள். இவர் காரில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போவார், அவ பஸ் பிடித்து வருவா. சண்டை ஒன்றும் கிடையாது. அவருக்குப் பிடித்த குரக்கன் புட்டை அவதான் அவித்துக் கொடுப்பா. தேத்தண்ணியைக் கொண்டுவந்து கராஜ் வாசலில் உள்ள கதிரையில் வைத்துவிட்டுப் போவா. உள்ளே காலடி வைத்ததில்லை. அவர் அந்தக் காரைக் கட்டியது முழுக்க இதற்காகத்தான். எந்த நிலையிலும் ஸ்டார்ட் ஆகாமல் போகாத ஒரு காரைச் செய்து முடித்தால், அவள் ஒருநாள் ஏறுவாள். இதை அவர் எனக்கு ஒளிக்காமலே சொன்னார். அக்காவுக்கும் தெரியும்.

நடுவில் ஒரு வெட்கக்கேட்டையும் ஒப்புக்கொள்கிறேன். சத்தம் தாங்காமல் கவுன்சிலுக்கு ஒருதரம் பெயர் போடாமல் முறைப்பாடு அனுப்பியது நான்தான். கடிதம் வந்ததும் அவர் அதைக் கொண்டுவந்து என்னிடமே நீட்டி, இங்கிலிஷில் ஒரு நல்ல மறுமொழி எழுதித் தரும்படி கேட்டார். என்னுடைய முறைப்பாட்டுக்கு நானே மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். அருமையான கடிதம் என்று ஒரு பை நிறைய முருங்கையிலை தந்தார். அன்றைக்குத்தான் இந்தக் கார் எப்படியாவது முடிய வேண்டும், அக்கா அதில் ஏற வேண்டும் என்று நானும் ஆசைப்படத் தொடங்கினேன்.

முடிந்தது. மாற்றம் செய்த கார்களை றோட்டில் விட ஒரு பொறியியலாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வருகிற நாளில் மண்ணெண்ணெய்த் தாங்கியைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தார்கள். போனதும் திரும்பப் பூட்டினார்கள். கிழவரும் கோபத்தை மறந்து வந்து செம்மஞ்சள் பூச்சு அடிக்க உதவி செய்தார். பார்க்க நல்ல வடிவுதான். மறுநாள் அண்ணை வேலிக்குக் கிட்ட வந்து நின்று, "நீங்கள் ஒருக்கா அவளைக் கேட்டுப் பாருங்கோ" என்றார். தான் கேட்டால் அவள் மறுமொழி சொல்லாமல் குசினிக்குள் போய்விடுகிறாளாம்.

நான் போனேன். அக்கா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தா. ஆறு வருடம் அந்த மனுசன் பட்ட பாட்டைப் பக்கத்து வீட்டில் இருந்து பார்த்த எனக்கே நெஞ்சு வலிக்கிறது, உங்களுக்கு இன்னும் கோபம் ஆறவில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் உறைப்பாகவே கேட்டுவிட்டேன். அவ கத்தியை வைத்தா.

"எனக்கு அவரில ஒரு கோவமும் இல்லை" என்றா. "கார் நிக்க முதலே பிள்ளை போயிட்டுது. என்ர மடியிலதானே கிடந்தது. எனக்குத் தெரியும்."

அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர் அந்த வெட்டைவெளியில் காரை விட்டிறங்கி இருந்துவிடுவார் என்று பயந்தாவாம். மேலே ஹெலி. சொல்லவில்லை. செத்தவீடு முடிந்த பிறகு சொல்வோம் என்று நினைத்தா. பிறகு முப்பத்தோராம் நாள் கிரியை முடியட்டும், ஆட்டைத்திவசம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டா. பிறகு இடம்பெயர்வு, கப்பல், விமானம், இந்த நாடு.

"பிந்தப் பிந்தச் சொல்லேலாமப் போச்சு. ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை எண்டு கேட்டா, அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. அவற்ற காரில ஏறினா வாய் திறந்திடுவன் எண்டுதான் ஏறாமல் இருக்கிறன்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு உண்மையைச் சொன்னால் எல்லாம் ஆறும் என்று ஒரு நினைப்பு. அக்காவைப் பிடித்து உலுப்பாத குறை. எஞ்சினை நிறுத்தியதால்தான் பிள்ளை செத்தது என்று அந்த மனுசன் முப்பது வருடமாகத் தின்னாமல் குடியாமல் மாய்கிறார், நீங்கள் ஒரு சொல்லில் அவரை விடுவிக்கலாம், இது பெரிய பாவம் அக்கா என்றேன். பாவம் என்ற சொல்லைக் கேட்டதும் அவவின் கண் கலங்கியது. சரி, சொல்லுறன் என்றா. நான் ஏதோ பெரிய காரியம் சாதித்த மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு பத்து மணிபோல அக்கா பச்சைச் சேலை ஒன்று கட்டிக்கொண்டு வெளியே வந்தா. அண்ணை எஞ்சினை முதலே ஓடவிட்டு, முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவ பின்பக்கம் ஏற வேண்டும் என்றா. இரண்டு கதவுக் கார்தானே, முன் ஆசனத்தை மடக்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போனா. அவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோசத்தை நான் எழுதித் தீர்க்க முடியாது. எதிர்வீட்டுக் கிழவர் தன் வாசலில் நின்று கைதட்டினார். கார் மெதுவாக றோட்டில் இறங்கிப் போனது.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தார்கள். நான் பூமரத்துக்குத் தண்ணி விடுகிற சாட்டில் வாசலில்தான் நின்றேன். கார் வீட்டு வாசலில் ஏறி நின்றது. அக்கா உள்ளே இருக்கிறா. எஞ்சின் நின்றது. அவர் கையால்தான் நிறுத்தினார். கதவு திறக்கவில்லை, ஒருவரும் இறங்கவில்லை, சத்தமும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முடிந்தது, அந்த மனுசனைப் பிடித்தது விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். தண்ணிக்குழாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்ச் சாமிக்கு விளக்கேற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை எட்டரைக்குச் சங்கிலிச் சத்தம். எட்டிப் பார்த்தால், கிழவரும் அவருமாக எஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கிழவருக்கு நிலைகொள்ளாத சந்தோசம். உன்னுடைய ஆளுக்குக் கடைசியில் புத்தி வந்துவிட்டது, பழைய பிஸ்டன்களையே திரும்பப் போடப் போகிறான், இன்னும் பெரிய காபரேற்றர் போடப் போகிறான், இனித்தான் இது கார் என்று என்னைக் கண்டதும் கத்திச் சொன்னார். மண்ணெண்ணெய்த் தாங்கி புல்லில் கிடந்தது. சேலைன் குழாய் குப்பைவாளிக்குள்.

அக்கா வேலியடிக்கு வந்தா. ஒரு கிழமையில் நாலைந்து வயது கூடின மாதிரி இருந்தா. சொன்னீங்களோ என்று கேட்டேன். சொன்னாவாம். அவர் அழவில்லையாம், ஏசவும் இல்லையாம். ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்து முப்பது வருடம் இருந்தாவே, அதை அவர் கேட்கவே இல்லையாம். கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை போனது எந்த இடத்தில என்று கேட்டாராம். பாலத்தடி தாண்டேக்கை என்று இவ சொல்லியிருக்கிறா.

"பாலத்தடிக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு இப்ப கணக்குப் பாக்கிறார்" என்றா அக்கா. "றோட்டெல்லாம் பள்ளமும் கிடங்கும். பிள்ளைக்குக் குலுங்கக் கூடாது எண்டு அண்டைக்கு மெதுவா, மெதுவாத்தான் ஓட்டினவர்."

பிறகு உள்ளே போய்விட்டா. என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நான் கராஜுக்குப் போனேன். கிழவர் ஏதோ சாமான் எடுக்கத் தன் வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணை எஞ்சினுக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். இனிக் கொஞ்சம் சத்தம் கூடத்தான் இருக்கும், குறை நினைக்கக் கூடாது என்றார். நான் தலையாட்டினேன். எண்ணெய்த் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு நின்றவர், திடீரென்று நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் நேர்ஸ்தானே. உண்மையைச் சொல்லுங்கோ. ஒரு இருவது நிமிசம் முந்திக் கொண்டுபோயிருந்தா?"

மூன்று நாள் காய்ச்சல், வலிப்பு, நாலு வயது, மருந்துத் தட்டுப்பாடு உள்ள ஆஸ்பத்திரி. இருபது நிமிடத்தில் தப்பிய பிள்ளைகளையும் எனக்குத் தெரியும், தப்பாத பிள்ளைகளையும் தெரியும். உலகத்தில் எந்த நேர்ஸாலும் அதற்கு மறுமொழி சொல்ல ஏலாது. ஆனால் நான் உடனேயே சொன்னேன்.

"ஒரு வித்தியாசமும் இருந்திராது அண்ணை. ஐஞ்சு நிமிசத்தில கொண்டுபோயிருந்தாலும் அதுதான்."

அவர் கோபிக்கவில்லை. பிறகு துணியை மடித்து எஞ்சினுக்கு மேல் வைத்தார்.

"அவளும் இப்பிடித்தான் என்னில இரக்கப்பட்டு முப்பது வருசம் மறைச்சவள்" என்றார். "இனி நான் ஆர் சொல்லுறதைத் தங்கச்சி நம்பிறது?"